சாவி, சுத்தியல், நெம்புகோல்

இடைக்கால ஐரோப்பாவில் கையால் எழுதி வண்ணம் தீட்டிய சங்கீதப் புத்தகங்களில் தாவீது அரசர் சுரமண்டலத்தோடு உட்கார்ந்திருப்பார். சில படங்களில் அவர் பாடவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. ஒரு கையால் தந்தியைச் சுண்டிப் பார்த்தபடி, மறு கையில் பிடித்த சிறு சாவியால் முளையைத் திருகிக்கொண்டிருக்கிறார். அரசரைச் சுருதி சேர்ப்பவராக வரைந்த அந்த ஓவியர்கள் அந்தச் சாவியை அருகில் இருந்து பார்த்தவர்கள் என்பது கோடுகளிலேயே தெரிகிறது. இன்று ஒரு பியானோ ட்யூனர் வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் முதலில் வெளியே எடுக்கும் கருவி அந்தச் சாவியின் வழித்தோன்றல். நடுவில் சில நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. கருவியின் உடம்பு மாறியது, வேலை மாறவில்லை. பியானோவின் வரலாற்றை, அதைச் செய்தவர்களின் பெயராலும் வாசித்தவர்களின் பெயராலும் எழுதிவைத்திருக்கிறோம். அதே வரலாற்றை இந்தச் சாவியின் உடம்பில் படித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவி ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். வீணைக்கு ஏழு தந்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரடை. விரல்களால் பிடித்துத் திருக இடமிருக்கிறது. பல பத்துத் தந்திகள் நெருக்கமாக ஓடும் வாத்தியத்தில் பிரடைக்கு இடமில்லை. அங்கே தந்தியின் ஒரு முனை மெல்லிய இரும்பு முளையில் சுற்றப்பட்டு, அந்த முளை கடின மரப் பலகைக்குள் அறையப்பட்டிருக்கும். திருகாணிக்கு உள்ள மரையோ பூட்டோ அதில் கிடையாது. மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே தந்தியின் இழுவையைத் தாங்குகிறது. விரலுக்கு அசையக் கூடாது, கருவிக்கு அசைய வேண்டும். இந்த இரண்டு கட்டளைக்கும் இடையில் பிறந்தது சாவி.

ஹார்ப்சிகார்ட் காலத்தில் அதற்கு ஒரு முழுமையான வடிவம் கிடைத்தது. ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்ற உடம்பு. கீழ்முனையில் நீள்சதுரத் துளை, முளையின் தட்டையான தலையில் கச்சிதமாகப் பொருந்தும். மேலே குறுக்குக் கட்டையின் ஒரு முனை சிறு சுத்தியலாக இருக்கும். சில சாவிகளில் மறு முனையில் ஒரு கொக்கி உண்டு. ஒரே கருவிக்குள் இத்தனை இருந்ததற்குக் காரணம், அந்தக் காலத்துப் பித்தளை, இரும்புத் தந்திகள் அடிக்கடி அறுந்துபோனதுதான். அறுந்தால் புதுக் கம்பியின் நுனியைக் கொக்கியில் மாட்டி முறுக்கிக் கண்ணி போட வேண்டும். மறு முனையை முளையில் சுற்ற வேண்டும். முளையைப் பலகைக்குள் தட்டி இறக்க வேண்டும். பிறகு திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். இத்தனையும் வாசிப்பவரே செய்தார். யோகான் செபாஸ்டியன் பாக் தன் ஹார்ப்சிகார்டை வேறு யார் சுருதி சேர்த்தாலும் திருப்தியடைய மாட்டார், தானே செய்வார், கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவருடைய முதல் வரலாற்றாசிரியர் ஃபோர்க்கெல் பதிவு செய்திருக்கிறார். இன்றும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ட்யூனர்கள் இந்தக் கருவியைச் சுத்தியல் என்றே அழைப்பது அந்தக் காலத்தின் மிச்சம்.

பியானோ பிறந்தபோது சாவி அப்படியே அதனிடம் வந்து சேர்ந்தது. ஃபிளாரன்ஸில் மெடிச்சி இளவரசர் ஃபெர்டினாண்டோவிடம் வேலை பார்த்த பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய புதிய வாத்தியம் 1700ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியலில் இடம்பெறுகிறது. அவர் செய்தவற்றில் மூன்று பியானோக்கள் எஞ்சியிருக்கின்றன: 1720இல் செய்தது நியூயார்க்கிலும், 1722இல் செய்தது ரோமிலும், 1726இல் செய்தது லைப்சிக்கிலும். பிந்தைய இரண்டிலும் அவர் முளைப்பலகையைத் தலைகீழாக வைத்தார். முளைகள் பலகையை முழுதாகத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. தந்திகள் அடிப்பக்கம் கட்டப்பட்டிருக்கின்றன, சாவி மேல்பக்கம் திருகுகிறது. கீழிருந்து பியானோவின் சுத்தியல் அடிக்கும் அடியில் தந்தி மேலே துள்ளி விலகாமல் இருக்க அவர் கண்ட வழி இது. வாத்தியத்தின் இதயத்தையே மாற்றியவர் சாவியை மாற்றவில்லை. தந்தியின் இழுவை இன்னும் ஹார்ப்சிகார்டுக்கு அருகில்தான் இருந்தது. பழைய சாவியே போதுமானதாக இருந்தது.

லண்டனில் 1766 முதல் யோகானஸ் சும்பே செய்த சிறிய சதுரப் பியானோக்கள் வந்த பிறகு வாத்தியம் அரண்மனையை விட்டு நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. அதன் பின் நூறு ஆண்டுகளுக்குள் பியானோ வளர்ந்த வேகம் அசாதாரணமானது. கிறிஸ்டோஃபோரியின் நான்கு ஸ்தாயி, மொஸார்ட் காலத்தில் ஐந்தானது. 1817இல் பிராட்வுட் நிறுவனம் லண்டனிலிருந்து பேட்ஹோவனுக்கு அனுப்பிவைத்த பியானோவில் ஆறு ஸ்தாயி. காது மங்கிக்கொண்டிருந்த அவர் அடித்த அடியில் அதன் தந்திகள் அறுந்து சிக்கிக் கிடந்ததை வந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய அரங்கு, பெரிய ஒலி, அதற்குத் தடித்த தந்தி, அதற்கு அதிக இழுவை என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போனது. மரச் சட்டம் வளைந்தது. 1825இல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்யக் காப்புரிமை பெற்றார். 1850களில் பர்மிங்காமில் ஹார்ஸ்ஃபால் பதப்படுத்திய எஃகுக் கம்பி செய்யத் தொடங்கினார். 1859இல் ஸ்டெயின்வே கிராண்ட் பியானோவில் மந்தரத் தந்திகளை மற்றவற்றின் மேல் குறுக்காக ஓடவிட்டார். இன்றைய கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகள், சுமார் 230 தந்திகள், எல்லாம் சேர்ந்து 20 டன்னை நெருங்கும் இழுவை.

பழைய சாவி தோற்றது இங்கேதான். குட்டையான குறுக்குக் கட்டையை உள்ளங்கையில் பிடித்து மணிக்கட்டால் திருகுவது மெல்லிய தந்திக்குச் சரி. 70, 80 கிலோ இழுவையுள்ள எஃகுக் கம்பிக்கு மணிக்கட்டு போதாது. குறுக்குக் கட்டையின் ஒரு கை நீண்டது, மறு கை மறைந்தது. சாவி நெம்புகோலானது. கைப்பிடி ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு வந்து நின்றது. முளையும் சும்மா இருக்கவில்லை. ஏழு மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்தது. மரத்தை நன்றாகப் பற்றிக்கொள்ள மேனியில் மெல்லிய வரிகள் வெட்டப்பட்டன. கம்பியின் நுனியைச் செருக ஒரு துளை வந்தது. தட்டைத் தலைக்குப் பதிலாக, மேலே போகப்போகச் சற்றுக் குறுகும் நான்கு பக்கத் தலை வந்தது. இப்படிப்பட்ட முளையை இறக்கச் சாவியின் குட்டிச் சுத்தியலால் முடியாது. அதற்குத் தனியாக ஒரு முளைதட்டியும் கனமான சுத்தியலும் வந்தன. கொக்கியும் பிரிந்து தனிக் கருவியாகிவிட்டது. எல்லா வேலையையும் சுமந்த சாவி ஒரே ஒரு வேலைக்கு உரியதாகிவிட்டது. அந்த ஒரு வேலையை இனி வீட்டுக்காரரால் செய்ய முடியாது.

அது ஏன் அவ்வளவு கடினம் என்று ஆர அமரச் சொல்ல வேண்டும். ஸ்பேனரால் நட்டைத் திருகத் தெரிந்தவர்கள் இதையும் திருகிவிடலாம் என்று நினைப்பதுண்டு. முளையின் அடிப்பகுதி பலகைக்குள் ஆழமாக இறுகியிருக்கிறது. நெம்புகோல் பிடிப்பதோ தலையை. கை கொடுத்ததும் முதலில் தலை முறுக்கிக்கொள்கிறது, அடி அசைவதில்லை. சுரம் ஏறிவிட்டதாகக் காது சொல்லும். கையை விட்டதும் தலை பழைய இடத்துக்குத் திரும்பும், சுரமும் இறங்கும். அடியும் அசையும்வரை கொடுத்துவிட்டு, முறுக்கை மட்டும் திரும்ப எடுத்துவிட வேண்டும். போதாக்குறைக்கு, பக்கவாட்டில் கை சாய்ந்தால் முளையே வளைந்து, திரும்பாமலேயே சுரத்தைக் காட்டிவிடும். நிமிர்ந்த பியானோவில் ட்யூனர்கள் கைப்பிடியைக் கடிகாரத்தின் பன்னிரண்டு, ஒன்று மணி முள்ளின் திசையில் வைத்துக்கொள்வது இந்தச் சாய்வைத் தவிர்க்கத்தான்.

இதோடு முடியவில்லை. தந்தி முளையிலிருந்து பல இடங்களில் உராய்ந்துகொண்டு ஓடுகிறது. முளையருகே உள்ள துண்டில் இழுவை ஏறியிருக்கும், ஒலிக்கும் துண்டுக்கு அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் ட்யூனர் கட்டையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது முரட்டுத்தனமாகக் கேட்கும். இழுவையைத் தந்தி முழுக்கச் சமமாகப் பரப்பும் அடி அது. முளையின் விட்டம் சிறிது, கைப்பிடி நீளமானது. முளை ஒரு பாகை திரும்ப, கைப்பிடியின் நுனி ஐந்து மில்லிமீட்டர் நகரும். அந்த ஒரு பாகையே நடு ஸ்தாயியில் சுரத்தை அப்பட்டமாகப் பிசகச் செய்யப் போதும். ட்யூனர் வேலை செய்வது அந்த ஐந்து மில்லிமீட்டருக்குள், அதிலும் ஒரு மில்லிமீட்டரின் பின்னங்களில். இப்படி 200க்கும் மேற்பட்ட முளைகள். நெம்புகோலின் தண்டு துளியும் வளையக் கூடாது என்று அவர்கள் பிடிவாதம் பிடிப்பதும், கார்பன் இழைக் கைப்பிடிக்கு இப்போது பெரும் தொகை கொடுப்பதும் இதனால்தான். முளை மரத்துக்குள் ‘கிளிக்’ என்று அசைவது உலோகத்தின் வழியே உள்ளங்கைக்கு வந்து சேர வேண்டும். தண்டு வளைந்தால் அந்தச் செய்தி வராது.

எனவே 19ஆம் நூற்றாண்டில் ட்யூனர் என்ற தனித் தொழிலாளி உருவானார். அவர்களில் ஒருவரை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆல்ஃபிரட் ஹிப்கின்ஸ் 1840இல், 14 வயதில், பிராட்வுட் நிறுவனத்தில் ட்யூனர் வேலை பழக வந்தார். ஆறே ஆண்டுகளில், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பகிரும் முறையை நிறுவனத்தின் மற்ற ட்யூனர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1848இல் நோயுற்ற ஷோபான் லண்டன் வந்தபோது அவருடைய பியானோக்களைச் சுருதி சேர்த்தவரும் இவரே. பிற்காலத்தில் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற அறிஞர் பல நாடுகளின் சுரங்களை அளந்து, அரைச்சுரத்தை நூறாகப் பகுக்கும் ‘சென்ட்’ என்ற அலகை 1885இல் முன்வைத்தார். இந்திய வாத்தியங்களும் அவர் அளந்தவற்றில் உண்டு. தன் காதைவிட ஹிப்கின்ஸின் காதையே அவர் நம்பினார். ஒப்பியல் இசையியல் என்ற துறையின் அடித்தளத்தில் ஒரு ட்யூனரின் கைப்பழக்கம் இருக்கிறது. இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்தக் காது எதைக் கேட்கிறது? இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் ஒலித்தால் ஒலி கூடிக் குறைந்து அலையடிக்கும். பள்ளி இயற்பியலில் அதை விம்மல் என்று படித்திருக்கிறோம். ஒரே சுரத்துக்கு உரிய மூன்று தந்திகளில் விம்மல் அடங்கும்வரை திருக வேண்டும். வெவ்வேறு சுரங்களுக்கு இடையில் விம்மல் அடங்கக் கூடாது, குறிப்பிட்ட வேகத்தில் இருக்க வேண்டும். நடு ஸ்தாயிக்குக் கீழே எஃப், ஏ இரண்டையும் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஏழு விம்மல். கடிகாரம் பார்க்காமல் அந்த ஏழை உணர்வதுதான் பழக்கம்.

எந்தச் சுரத்தில் தொடங்குவது என்பதற்குத் துணைக்கருவி இசைக்கவை. 1711இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய அரசவை எக்காளக் கலைஞர் அதைக் கண்டுபிடித்தார். எஃகால் ஆன இரண்டு விரல்கள். வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் அசையாது. சட்டைப் பையில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு சுரத்தை நம்பியது. ஹேண்டெலுடையது என்று காக்கப்பட்டுவரும் கவை வினாடிக்கு 422.5 அதிர்வு, பேட்ஹோவன் 1803இல் வயலின் கலைஞர் பிரிட்ஜ்டவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கவை 455. இரண்டுக்கும் இடையே ஓர் அரைச்சுரத்துக்கும் மேல் வித்தியாசம். கிரேஃபெல்ட் ஊரில் பட்டு ஆலை நடத்திய யோகான் ஷைப்லர் படிப்படியாக அதிர்வு ஏறும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கவைகளை வரிசையாக அமைத்து, விம்மலை எண்ணியே அதிர்வெண்ணை அளந்து, 1834இல் ஸ்டுட்கார்ட்டில் 440ஐப் பரிந்துரைத்தார். பிரான்ஸ் 1859இல் 435ஐச் சட்டமாக்கியது. 1939 லண்டன் மாநாட்டில்தான் 440 உலக உடன்பாடாக வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் ட்யூனர்கள் பல கவைகளைச் சுமந்தார்கள், தேவைப்பட்டால் அரத்தால் ராவிச் சரிசெய்தார்கள்: நுனியை ராவினால் சுரம் ஏறும், அடியை ராவினால் இறங்கும்.

இந்தக் கருவிகளின் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் பாரிஸில் இருக்கிறது. பார்வையற்ற சிறார்களுக்கான அரசுப் பள்ளி. லூயி பிரெயில் படித்ததும் கற்பித்ததும் அங்கேதான். அதே பள்ளியில் படித்த குளோத் மோன்தால் தன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, பள்ளியின் பியானோக்களைத் தாங்களே சுருதி சேர்த்துப் பார்த்தார். பள்ளிக்கு வந்துபோன ட்யூனர் புகார் சொன்னார். பியானோவைத் தொடக் கூடாது என்று தடை வந்தது. அவர்கள் ஒரு பழைய பியானோவை எடுத்து முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு உறுப்பையும் தடவித் தெரிந்துகொண்டு, மறுபடி பூட்டினார்கள். அதன்பின் பள்ளியின் பியானோக்கள் அவர்கள் பொறுப்புக்கே வந்தன. மோன்தால் பாரிஸ் நகரில் ட்யூனராகப் பெயர் பெற்றார். 1836இல் பியானோவைத் தானே சுருதி சேர்க்கும் கலையைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். பிறகு பியானோ செய்பவரும் ஆனார். 1872இல் லண்டனில் தொடங்கிய பார்வையற்றோர் கல்லூரியிலும், அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியிலும் ட்யூனிங் முறையான பாடமானது. ஆயிரக்கணக்கானோர் அதனால் தம் சம்பாத்தியத்தில் நின்றார்கள். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்களுக்குத் தரப்பட்ட கூடை முடைதலுக்கும் பாய் பின்னுதலுக்கும் மேலே, படித்த தொழிலாளியின் மரியாதையோடு அவர்கள் வீடுகளுக்குள் போனார்கள். நெம்புகோலை முளையில் பொருத்தக் கண் வேண்டியதில்லை, இடக்கை விரல் முளையைத் தேடிக் காட்டும். முளை அசைந்ததா என்று சொல்லக் கண்ணாலும் முடியாது. தொடுகையும் செவியும் மட்டும் தீர்ப்பு சொல்லும் தொழில்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

மற்றக் கருவிகளின் பிறப்பும் பியானோவின் மாற்றங்களோடு பிணைந்ததுதான். சுத்தியல்களின் தலையில் தோல் ஒட்டியிருந்தவரை ஊசிக்கு வேலையில்லை. 1826இல் பாரிஸில் ஆன்ரி பாப் தோலுக்குப் பதில் ஃபெல்ட் போடக் காப்புரிமை பெற்றார். ஃபெல்ட் அடித்து அடித்து இறுகும். ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். மரப்பிடியில் மூன்று நான்கு ஊசிகள் பதித்த ஒரு கருவியால் அதைக் குத்தித் தளர்த்தினால் ஒலி கனியும். எங்கே குத்துவது, எவ்வளவு ஆழம் என்பதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு மரபு உண்டு. 1821இல் எரார் இரட்டை விடுப்புப் பொறியமைப்பைக் கொண்டுவந்தபின் பியானோவின் வயிற்றுக்குள் திருக வேண்டிய சிறு திருகுகளும் வளைக்க வேண்டிய கம்பிகளும் பெருகின. கை நுழையாத இடத்துக்கென்று வளைந்த கழுத்துள்ள திருப்புளிகள், கட்டைகளின் இறுக்கம் தளர்த்தும் இடுக்கிகள், கரண்டி போன்ற உறுப்பை வளைக்க மட்டுமே உள்ள நீண்ட கருவி என்று பை கனத்தது. ஒரு தந்தியைத் திருகும்போது பக்கத்துத் தந்திகள் ஊமையாக இருக்க வேண்டும். அதற்குத் தோல் சுற்றிய ஆப்பும் ஃபெல்ட் நாடாவும், ரப்பர் பதப்படுத்தல் வந்தபின் ரப்பர் ஆப்பும். நிமிர்ந்த பியானோவில் சுத்தியல்களுக்கு நடுவே நுழைத்து விரியவிடும் கவட்டை போன்ற ‘பாப்ஸ்’ ஆப்பு ஆங்கிலேயர்களின் கொடை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவை கடைச்சரக்காகிவிட்டன. இன்று பரிசுப்பொருள் விற்பனையில் பெயர் பெற்ற நியூயார்க்கின் ஹாமக்கர் ஷ்லெம்மர், 1848இல் வன்பொருள் கடையாகத் தொடங்கியது. பியானோ செய்பவர்களுக்கும் ட்யூனர்களுக்கும் வேண்டிய கருவிகளை விலைப்பட்டியல் போட்டு விற்றது. நெம்புகோலின் கடைசிப் பெரிய மாற்றங்களும் இந்தத் தலைமுறைக் கருவிகளில் பரவியவை. ஒன்று, முனையைக் கழற்றி மாற்றும் வசதி: கிராண்டுக்கு ஒரு கோணம், நிமிர்ந்ததற்கு ஒன்று, தடித்த முளைக்கு ஒன்று. மற்றது நட்சத்திரத் துளை. முளைத் தலைக்கு நான்கு பக்கம். சதுரத் துளையானால் கைப்பிடியை நான்கு திசையில் மட்டுமே வைக்க முடியும், பாதி நேரம் இரும்புச் சட்டத்தின் விலா குறுக்கே நிற்கும். துளையை எட்டு முனை நட்சத்திரமாக வெட்டினால் 45 பாகைக்கு ஒரு முறை பொருந்தும். இவ்வளவு சிறிய வெட்டு ட்யூனர்களின் தோளையும் முதுகையும் எவ்வளவு காப்பாற்றியிருக்கும்!

நெம்புகோலே வேண்டாம் என்று ஒரு பெரிய நிறுவனம் முயன்றதும் உண்டு. பாஸ்டனின் மேசன் அண்ட் ஹாம்லின் 1880களில் பியானோ செய்யத் தொடங்கியபோது, மரத்தில் அறைந்த முளைகளுக்குப் பதில் இரும்புச் சட்டத்தில் மரையுள்ள திருகுகளைப் பொருத்தியது. கடிகாரச் சாவி போன்ற சின்னக் கருவியால் திருகினால் போதும், தந்தி நழுவாது. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறை கைவிடப்பட்டது. செலவு கூடியது, தந்தி மாற்றுவது சிக்கலானது, ட்யூனர்களின் கை வேறொன்றுக்குப் பழகியிருந்தது. மரத்தை நம்பிய பழைய முளைதான் வென்றது. மலிவாலும் எளிமையாலும் வென்றது என்றுதான் சொல்ல வேண்டும். அதில் புனிதம் எதுவும் இல்லை.

1936இல் அமெரிக்காவின் கான் நிறுவனம் ஸ்ட்ரோபோகான் என்ற மின்னணுக் கருவியைக் கொண்டுவந்தது. சுழலும் வட்டுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் சுரம் சரி. காது இனி தேவையில்லை என்று எண்ண இடமிருந்தது. இரண்டே ஆண்டில் ரெயில்ஸ்பேக் என்ற இயற்பியலாளர் அதே கருவியால், தேர்ந்த ட்யூனர்கள் செவியால் சேர்த்த பியானோக்களை அளந்தார். உச்ச ஸ்தாயியில் எல்லாரும் கணக்கைவிடச் சற்று ஏற்றியும், மந்தரத்தில் சற்று இறக்கியும் வைத்திருந்தார்கள். பிழை இல்லை அது. எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு. அதனால் அதன் மேலொலிகள் கணக்குச் சொல்வதைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். ஸ்தாயிகள் இசைந்து கேட்க வேண்டுமென்றால் சுரங்களை இழுத்து விரிக்க வேண்டும். ட்யூனர்கள் சூத்திரம் தெரியாமலே அதைச் செய்துவந்திருக்கிறார்கள். இன்றைய கைப்பேசிச் செயலிகள் அந்த விரிப்பையும் ஒவ்வொரு பியானோவுக்கும் கணக்கிட்டுக் காட்டுகின்றன, நல்ல ட்யூனர்கள் பலர் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறு இல்லை. செயலி சொல்வது எங்கே நிற்க வேண்டும் என்பதை. அங்கே கொண்டுபோய் நிறுத்தி, நாளைக்கும் அங்கேயே நிற்கவைப்பது நெம்புகோலைப் பிடித்த கை.

நம் கடற்கரை ஊர்களில் அந்தக் கைக்குக் கூடுதல் வேலை. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கிய கடை. பியானோக்கள் நம் ஊருக்கு வந்து அத்தனை காலமாகிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் வெப்ப நாடுகளுக்கென்று பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகும் பட்டையும் போட்டுத் தனிப் பியானோக்கள் அனுப்பின. ஐப்பசி மழையில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுரம் ஏறும். குளிர்சாதன அறையில் அதே மரம் காய்ந்து சுருங்கும், சுரம் இறங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி உப்பிச் சுருங்கிய முளைப்பலகையில் முளைகள் தளர்ந்து, சேர்த்த சுருதி நிற்காது. அப்போது ட்யூனர் முளைதட்டியை வைத்துச் சுத்தியலால் முளையை இன்னும் சிறிது உள்ளே இறக்குகிறார், அதுவும் பலிக்காவிட்டால் ஒரு அளவு தடித்த முளைகளைப் போடுகிறார். ஹார்ப்சிகார்ட் சாவியின் தலையில் இருந்த அந்தச் சுத்தியல் வேலை இன்னும் ஓயவில்லை.

வீட்டில் பழைய பியானோ இருந்தால் இரண்டு வேண்டுகோள். முளைகளை ஸ்பேனராலோ குறடாலோ தொட வேண்டாம். நான்கு பக்கத் தலையின் விளிம்பு ஒருமுறை மழுங்கினால் பிறகு எந்த நெம்புகோலும் அதைப் பிடிக்காது, அந்த முளையையே மாற்ற வேண்டிவரும். தவறான முளையைத் திருகினால் தந்தி அறுந்து கண்ணுக்கு நேரே பாயக்கூடும். மற்றது, தாத்தாவோ பெரியப்பாவோ ட்யூனராக இருந்து விட்டுப்போன கருவிச் சுருள் பரணில் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முளைத் தலையின் வடிவம் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. அந்த நெம்புகோல் இன்றைய பியானோவிலும் பொருந்தும். தொழில் பழகும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுங்கள்.